வாசித்துப் பார்த்தா கையெழுத்து வைத்தீர்கள்?

வாசகர் சட்டக் கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கமிருந்து பாலியல் குற்றச்சாட்டுகள் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் சில "என் பிள்ளை மேல் அநியாயமாகப் பழி போடுகிறார்கள்" என்பவை. சில "உண்மையைச் சொன்னாலும் பொய்க்காரி என்று விடுவார்களோ" என்பவை. இரு பகுதியாருக்கும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்துக்கே வந்து சேர்கிறது: முதல் சில நாட்களில் என்ன எழுதப்பட்டது, எது பத்திரப்படுத்தப்பட்டது என்பதற்கு. ஆட்களை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு 24 வயது. பேசி வைத்த கலியாணம் குழம்பி இரண்டு மாதம். போன மாதம் ஒரு இரவு இவன் வீடு புகுந்து பிள்ளையைக் கெடுத்துவிட்டான் என்று பெண் வீட்டார் இப்போது முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அந்த இரவு அவன் கந்தளாயில் வேலையில் நின்றவன். நாளைக் காலை வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லிப் பொலிஸிலிருந்து போன் வந்தது. கொஞ்ச நாள் கொழும்பில் நிற்கட்டும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். என்ன செய்வது? (தாய், உப்புவெளி)

பதில்: அம்மா, கொழும்புக்கு அனுப்பாதீர்கள். பிணை கொடுப்பதா மறுப்பதா என்று நீதவான் பார்க்கும்போது முதலில் எழும் கேள்வி "இவர் தவணைக்கு வருவாரா, ஓடிவிடுவாரா" என்பதுதான். ஒரு கிழமை ஒளித்திருந்தாலே அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்கு எதிராகப் போய்விடும். ஒரு சட்டத்தரணியுடன் போகட்டும். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆஜராக 2012ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன. காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் இன்றே விசாரியுங்கள்.

வாக்குமூலத்தில் அவர் கட்டாயம் சொல்ல வேண்டியது, அந்த இரவு எங்கே நின்றார் என்பது. "நான் அங்கே இருக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கூட நின்றவர்கள் யார் என்ற விபரமும் பதிவாக வேண்டும். இதைத்தான் கோட்டில் அலிபி என்பார்கள். குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 126அ பிரிவின்படி, மேல் நீதிமன்ற விசாரணையில் அலிபிக்குச் சாட்சி கொண்டுவர வேண்டுமென்றால் அதைப் பொலிஸ் வாக்குமூலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அல்லது நீதவான் முன்னிலையிலான ஆரம்ப விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், குற்றப்பத்திரம் கையளிக்கப்பட்ட பின், விளக்கம் (வழக்கு விசாரணை) தொடங்குவதற்கு 14 நாட்களுக்கு முன்னராவது சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் நீதிபதி பிந்தியும் அனுமதிக்கலாம். ஆனால் பிந்திச் சொன்ன அலிபியை "யோசித்துக் கட்டியது" என்று வழக்குத் தொடுநர் குத்திக் காட்டத்தான் செய்வார். ஒன்றை மனதில் வையுங்கள்: அலிபியை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம், இல்லை. அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினாலே போதும்.

மொழி விடயத்தில்தான் எங்கள் மாவட்டத்தில் பலர் தவறுகிறார்கள். முறைப்பாட்டை, அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அதே சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. அந்த மொழியில் எழுத அலுவலரால் முடியாவிட்டால், சொல்பவரையே தன் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் மட்டுமே, காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதி, விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லலாம். உங்கள் மகனும் தன் வாக்குமூலத்துக்கு இதையே கேட்கட்டும். சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டி "இதில் ஒரு சைன் வையுங்கோ" என்றால், "தமிழில் நானே எழுதித் தருகிறேன்" என்று தன்மையாகச் சொல்லலாம். அது சண்டையல்ல, சட்டத்தில் உள்ள வழி.

இது ஏன் இவ்வளவு பெரிய விடயம்? பொலிஸ் அலுவலரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் சாட்சிக் கூட்டில் சொல்வதும் பொலிஸில் சொன்னதும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டலாம். முறைப்பாட்டாளரின் சாட்சியத்திலும் இதே கதைதான். எதிரித் தரப்புச் சட்டத்தரணி பொலிஸ் பதிவை எடுத்து, "அன்று பத்து மணி என்றீர்கள், இன்று எட்டு மணி என்கிறீர்கள்" என்று கேட்டு, அந்த வரியை முரண்பாடு என்று காட்டி வி1, வி2 என அடையாளமிடுவார். உண்மையில் அவர் எட்டு என்று சொல்லி, எழுதியவர் பத்து என்று எழுதியிருக்கலாம். வாசிக்காமல் வைத்த ஒரு கையெழுத்து, உண்மை சொன்ன பெண்ணையும் பொய்க்காரியாக்கும், குற்றமற்ற ஆணையும் மாட்டிவிடும்.

இன்றே செய்ய வேண்டிய வேறு வேலைகளும் உண்டு. வேலைத்தளத்துச் சீசீடீவிப் பதிவு வன்தட்டு நிரம்பியதும் தானாகவே அழியும். சில இடங்களில் ஒரு கிழமை, சில இடங்களில் ஒரு மாதம். சம்பவம் போன மாதம் என்பதால் ஒரு மணித்தியாலமும் பிந்தாமல் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், பொலிஸாரிடமும் அதைக் கைப்பற்றச் சொல்லுங்கள். காணொளி, ஒலிப்பதிவு, கணினிப் பதிவு போன்றவற்றைச் சான்றாகக் கொண்டுவர, 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். நல்ல பதிவு கையில் இருந்தும் இந்த 45 நாளைத் தவறவிட்டு நிற்பவர்கள் உண்டு. வரவுப் புத்தகம், சம்பளச் சிட்டை, எரிபொருள் பற்றுச்சீட்டு எல்லாம் மூலப்பிரதியாக வேண்டும். போனில் உள்ள செய்திகளில் ஒன்றையும் அழிக்கக் கூடாது, தனக்குப் பாதகமாகத் தெரிபவற்றையும்தான்.

பெண் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. மாமா போய் "பிள்ளை, வழக்கை விடுங்கோ" என்று கெஞ்சினாலும், அது சாட்சிக்கு அழுத்தம் கொடுத்ததாக முடியலாம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் சாட்சியை அச்சுறுத்துவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. பிணையும் அதோடு போய்விடும்.

கைதாவார் என்ற அச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தால், 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின் கீழ் முன்பிணை கேட்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். கைதானால் காரணத்தைச் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: எனக்கு நடந்ததைச் சொன்னால், வழக்குத் தோற்ற பிறகு "பொய் முறைப்பாடு" என்று என்னையே உள்ளே போடுவார்களாமே? நடந்து இரண்டு நாள்தான். உடம்பில் காயமும் இல்லை. (பெயர் வேண்டாம், மூதூர்)

பதில்: தங்கச்சி, அப்படிப் போட முடியாது. எதிரி விடுதலையாவது என்றால், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பொய்க் குற்றச்சாட்டு என்று உங்களைத் தண்டிக்க வேண்டுமென்றால், அது பொய் என்று தெரிந்துகொண்டே, ஒருவருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்துடன் கொடுத்தீர்கள் என்று வேறொரு வழக்கில் அதே அளவுக்கு நிரூபிக்க வேண்டும். ஞாபகப் பிசகும் பதற்றமும் அதற்குள் வராது.

காயம் பற்றிக் கவலைப்படாதீர்கள். சம்மதம் இல்லை என்று காட்ட உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் அவசியமில்லை என்று தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 1995இல் சேர்த்த திருத்தம் அது. கன்னித்திரை கிழியவில்லை என்பதாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஆனால் இன்றைக்கே போங்கள். உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகளுக்குப் பொதுவாக 72 மணித்தியாலம் வரைதான் நல்ல வாய்ப்பு. நீங்கள் ஏற்கனவே குளித்திருந்தாலும் போக வேண்டும். அன்று உடுத்திய உடுப்பைத் தோய்க்காதீர்கள். ஈரமாக இருந்தால் நிழலில் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், டி.என்.ஏ சிதைந்துவிடும். வீட்டில் அக்கறையாகப் பொலித்தீனில் சுற்றிக் கட்டி வைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை.

பொலிஸில் பெண் அலுவலர் ஒருவரிடம் சொல்லக் கேளுங்கள். அவர்கள் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்துடன் வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும். உங்கள் சம்மதத்தைக் கேட்டபின்தான் அவர் பரிசோதிப்பார். எந்தக் கட்டத்திலும் "இது வேண்டாம்" என்று சொல்லலாம். "என்ன நடந்தது" என்று கேட்டு நீங்கள் சொல்வதை அவர் குறித்துக்கொள்வார், பின்னால் கோட்டில் அதுவும் பேசும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். நேரம் சரியாக ஞாபகமில்லாவிட்டால் "இஷா தொழுகைக்குப் பிறகு", "கடைசி பஸ் போன பிறகு" என்று சொல்லலாம். ஊகித்து ஒரு மணியைச் சொல்லிவிட்டால் அதுதான் பிறகு வி1 ஆகும். முறைப்பாடு பிந்தியதற்குக் காரணத்தையும், அது பயமோ வெட்கமோ, அப்படியே எழுதுவியுங்கள். காரணம் சொல்லப்பட்ட தாமதம் சாட்சியத்தைக் கொல்லாது. சம்பவத்தைப் பார்த்த வேறு சாட்சி இல்லையென்றும் தயங்க வேண்டாம். ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு எங்கள் சட்டத்தில் இல்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கேள்வி: எங்கள் ரியூசன் மாஸ்டர் ஒருவரின் படத்தைப் போட்டு "காமுகன்" என்று வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பொலிஸில் முறைப்பாடு இருக்கிறதாம். நாங்களும் பகிர்ந்தால் பிழையா? மக்களுக்குத் தெரியத்தானே வேண்டும்? (மாணவர்கள், கிண்ணியா)

பதில்: பகிராதீர்கள் தம்பிமார். குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றமற்றவர் என்று அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை சொல்கிறது. அது அவருக்காக மட்டும் எழுதியது என்று நினைக்க வேண்டாம். முறைப்பாட்டாளருக்கும் இந்தப் படம் கெடுதல்தான்.

ஆளை முன்பின் தெரியாத வழக்குகளில் நீதவானின் மேற்பார்வையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். சந்தேகநபரை ஏறக்குறைய அவரைப் போலவே தோற்றமுள்ள வேறு ஆட்களுடன் வரிசையில் நிறுத்துவார்கள். சாட்சி உள்ளே வந்து ஆளைத் தொட்டுக் காட்டுவார். அதற்கு முன் சாட்சி அந்த முகத்தை எங்கும் கண்டிருக்கக் கூடாது. அதனால்தான் பொலிஸார் முகத்தை மூடிக் கொண்டுவருகிறார்கள். உங்கள் குழுவில் அந்தப் படம் சுற்றிய பிறகு, "சம்பவத்தில் கண்டதை அடையாளம் காட்டினாரா, போனில் கண்டதைக் காட்டினாரா" என்று எதிரித் தரப்பு கேட்கும், அதற்குப் பதில் இருக்காது. உண்மையான குற்றவாளியும் அந்த ஓட்டையால் வெளியே போகலாம். அமெரிக்காவில் டி.என்.ஏ மூலம் பின்னாளில் குற்றமற்றவர் என்று தெரியவந்த வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், கண்ணால் கண்ட சாட்சி ஆளை மாறி அடையாளம் காட்டியவை. அந்தச் சாட்சிகளில் பலர் பொய் சொல்லவில்லை, மனமார நம்பித்தான் சொன்னார்கள்.

எங்கள் நாட்டிலேயே 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இன்னொருவரும் கைதானார்கள். நாடே அவர்களைத் திட்டியது. டி.என்.ஏ பொருந்தவில்லை, விடுவித்தார்கள். அடுத்துப் பிடிபட்டவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். அவருடைய டி.என்.ஏயும் பொருந்தவில்லை. அவரது சகோதரருடையதுதான் பொருந்தியது, 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அந்த மாணவனின் பெயரை ஊர் ஊராகப் பரப்பியவர்கள் என்ன நினைத்துப் பரப்பினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். "இந்த வகுப்பில் படிக்கும் இந்த ஊர்ப் பிள்ளை" என்று எழுதினாலே கிண்ணியா போன்ற ஊரில் யார் என்று தெரிந்துவிடும், பெயர் தேவையில்லை.

கேள்வி: பொய் முறைப்பாடுகள்தான் அதிகம் என்கிறார்களே? (வாசகர், உவர்மலை)

பதில்: இல்லை ஐயா. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பத்து ஆண்டுகளில் வந்த 136 முறைப்பாடுகளைப் பார்த்தது. பொய் என்று விசாரணையில் தெளிந்தவை 8. அதற்காக மிச்சம் 128உம் நிரூபணமானவை என்றும் எடுக்க முடியாது, பல தீர்மானமில்லாமலே முடிந்தவை. அந்த எட்டில் ஒருவராக நிற்பவருக்கு விகிதாசாரத்தைச் சொல்லி ஆறுதல்படுத்தவும் முடியாது. அதனால்தான் ஒவ்வொரு வழக்கையும் அதன் சான்றை வைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

கேள்வி: என் மேல் போட்டது பொய் என்று கோட்டில் வெளித்துவிட்டது. இரண்டு வருடம் போய்விட்டது. நான் என்ன செய்யலாம்? (நிலாவெளி)

பதில்: முதலில் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து வாசியுங்கள். "சந்தேகத்தின் பலன் எதிரிக்கு" என்று இருக்கிறதா, "சாட்சி வேண்டுமென்றே பொய் சொன்னார்" என்று நீதிபதி கண்டிருக்கிறாரா? இரண்டாவது என்றால்தான் மேலே போக வலு உண்டு. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்ததற்கு 180ஆம் பிரிவும், தீங்கு செய்யும் எண்ணத்துடன் பொய்க் குற்றம் சாட்டியதற்கு 208ஆம் பிரிவும், பொய்ச் சாட்சியத்துக்கு 190ஆம் பிரிவும் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கின்றன. கெட்ட எண்ணத்துடன் வழக்குத் தொடுத்ததற்கும் அவதூறுக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் பொலிஸில் அவதூறு முறைப்பாடு கொடுக்க இடமில்லை.

பொலிஸார் உங்களை அடித்திருந்தால், காரணமின்றிக் கைது செய்திருந்தால், அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும். உங்களுக்கு அது கடந்துவிட்டது. இதை வாசிக்கும் மற்றவர்கள் இந்த ஒரு மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: விடுதலை வரும் வரை காத்திருக்காமல் உடனேயே சட்டத்தரணியைப் பாருங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்திலும் முறையிடுங்கள்.

கேள்வி: ஊர்ப் பெரியவர்கள் காசு வாங்கிக்கொண்டு முடிப்போம், இல்லாவிட்டால் கலியாணம் கட்டி வைப்போம் என்கிறார்கள். (சாம்பல்தீவு)

பதில்: பாலியல் வல்லுறவு சமரசம் பேசித் தீர்க்கக்கூடிய குற்றமல்ல. மத்தியஸ்த சபைக்கும் அது போகாது. குற்றம் செய்யாதவர் காசு கொடுத்தால் அது ஒப்புக்கொண்டது போலாகும். குற்றம் நடந்த பெண் காசு வாங்கினால் "காசுக்காகச் சொன்னவள்" ஆவாள்.

கேள்வி: தம்பிக்கு 19. விரும்பிய பிள்ளைக்கு 15 வயதும் 10 மாதமும். இருவரும் விருப்பத்தோடுதான். பிள்ளையின் அப்பா வல்லுறவு என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார். இது பொய் வழக்குத்தானே? (அக்கா, தம்பலகாமம்)

பதில்: இல்லைத் தங்கச்சி. 16 வயதுக்குக் குறைந்தவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே எடுக்காது. "அவளும் விரும்பினாள்" என்று தம்பி வாக்குமூலத்தில் சொன்னால், அது மறுப்பு அல்ல, நடந்ததை ஏற்றுக்கொள்வதில் போய் முடியும். அதனால் சட்டத்தரணியைக் காணாமல் ஒரு வரியும் சொல்ல வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர் தொடர்பான வல்லுறவுக்குச் சட்டத்தில் ஆகக் குறைந்த தண்டனை பத்து வருடம். ஆயினும் பொருத்தமான வழக்கில் அதிலும் குறைக்கும் தற்றுணிபு மேல் நீதிமன்ற நீதிபதிக்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் 2008இல் தீர்மானித்திருக்கிறது. இந்த வழக்கில் எல்லாமே திகதிகளில் தங்கியிருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள நாளையும், முறைப்பாட்டில் சம்பவத் திகதி என்று எழுதியிருப்பதையும் சட்டத்தரணி முதலில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.