ரோவன் (Rowan) என்ற பெயர்: ஆணுக்கா பெண்ணுக்கா, கெல்டிக்கா?

இருபாலருக்கும் வைக்கலாம். கெல்டிக் (ஐரிஷ் போன்ற மொழிகள் அடங்கிய குடும்பம்) என்பது பாதி சரி.

ஒரு பெயர்த் தளம் ஐரிஷ் என்றும் இன்னொன்று நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) என்றும் சொல்வதற்குக் காரணம், இரண்டு வேர்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்திருப்பதுதான். ஒன்று, 'செந்நிறத்தான்' எனும் ஐரிஷ் ருவான். அயர்லாந்தின் டிப்பரரியில் மடம் நிறுவிய 6ஆம் நூற்றாண்டுத் துறவியின் பெயர். மற்றது, சிவப்புக் கனி காய்க்கும் ரோவன் மரம். அந்தச் சொல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. சூனியம் அண்டாதென்று ஸ்காட்லாந்தில் அதை வாசலருகே நடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் மரத்தை நினைத்துத்தான் வைக்கிறார்கள் என்பது என் ஊகம்.

எவ்வளவு பிரபலம் என்று தெரிய, அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் (SSA) வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் ஆண், பெண் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். அங்கே ஆண்கள்தான் அதிகம்.

கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தப் பட்டியல் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராக எண்ணும். Rowan என்பதில் 'a'க்குப் பதில் 'e' போட்டு Rowen என்று எழுதினால் வேறு கணக்கு.