வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர், குழந்தைக்குத் திட்டமிடும்போது…

கேள்வி: என் வயது 26. திருமணமாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. பள்ளி நாள்களிலிருந்தே வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்; மூன்று ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. இப்போது குழந்தை பெற்றுக்கொள்ள ஆசைப்படுகிறோம். மாத்திரை குழந்தைக்கு ஆகாது, நிறுத்திவிடு என்கிறார் நாத்தனார். மாமியாரோ, “நாள் தள்ளிப்போகட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம்; இப்போதே போனால் ஏதோ குறை என்று ஊர் பேசும்” என்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால், அடங்கியிருக்கும் வலிப்பு மறுபடி தலைதூக்கும். விடாமல் தொடரும் வலிப்பு தாயின் உயிருக்கே ஆபத்து.

அதற்காக நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்கவும் கூடாது. கரு உருவான 28 நாள்களுக்குள், மூளையும் தண்டுவடமும் உருவாகவேண்டிய நரம்புக்குழல் மூடிவிடுகிறது. அப்போது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரங்கள்தான் ஆகியிருக்கும். பரிசோதனை செய்து, சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, ஸ்கேனுக்குப் போவதற்குள், சில வலிப்பு மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடிய அந்தக் கட்டம் முடிந்துவிடும். நம் வீடுகளில் கவனிப்பெல்லாம் கர்ப்பம் உறுதியான பிறகே தொடங்குவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பி, கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். வால்ப்ரோயேட் அல்லது டைவால்ப்ரோயக்ஸ் என்றிருந்தால் உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 100 பேரில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. 30 முதல் 40 பேர் வரை பேச்சிலோ கற்றலிலோ பின்தங்கலாம். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் ஆகியவை இதைவிட மிகவும் பாதுகாப்பானவை. ஆனால் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டி, வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று உறுதிசெய்யச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள். சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதால், எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நரம்புக்குழல் சரியாக மூட உதவும் வைட்டமினான ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நான் மூன்று மாதம் என்பேன். மற்ற பெண்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் போதும். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் 5 மில்லிகிராம் எழுதுவோம். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளையும் இப்போதே முடித்துவிடுங்கள். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போடாதவரென்றால் அதையும் கேளுங்கள். கர்ப்பத்தில் அதைப் போட முடியாது, போட்டபின் ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்க வேண்டும்.

முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகக் குழந்தை பெறுகிறார்கள் என்பதை அவர் மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. பழைய மருந்துச் சீட்டுகள், இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை) அறிக்கை, இப்போதைய மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஒருவேளை இதைப் படிக்கும்போதே நாள் தள்ளிப்போயிருந்தால், மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.