வாசகர் கேள்வி – பதில்: ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) பராமரிப்பு

கேள்வி: எட்டு மாதங்களாகக் கொட்டகையில் நின்றிருந்த என் டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல், சோக்கை இழுத்தால் உடனே கிளம்புகிறது, சோக்கை விட்டதும் அணைந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கை மாற்றியும் பயனில்லை.

பதில்: பொறி வருவதால்தான் இன்ஜின் கிளம்புகிறது, ஆகவே குறை பெட்ரோல் வரும் வழியில் இருக்கிறது. சோக் கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும் வரை ஓடி, அது நின்றதும் அணையும் இன்ஜினில் பெரும்பாலும் கார்புரேட்டரின் பைலட் ஜெட்தான், அதாவது இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டுதான், அடைபட்டிருக்கும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினாகப் படிந்து அந்த மிகச் சிறிய துளையை மூடிவிடுகிறது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி முழு வட்டமாகத் தெரியாமல் பிறைபோலத் தெரிந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து அழுத்தக் காற்றால் ஊதுங்கள். கம்பியால் குத்த வேண்டாம், பித்தளை மென்மையானது, துளை சற்று அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். ஜெட் சுத்தமாக இருந்தும் குறை நீடித்தால், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் பகுதியில் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

இதைச் சரிசெய்யாமல் எப்படியோ ஓட்டிச் சமாளிக்கலாம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை இன்ஜினை அளவு மீறிச் சூடாக்கும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிட்டால் இன்ஜினையே பிரிக்க நேரும். அடுத்த முறை வண்டியை நிறுத்துமுன் டாங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை ஊற்றி, அது கார்புரேட்டர் வரை சென்று சேரும்படி சில நிமிடங்கள் இன்ஜினை ஓடவிடுங்கள். ஊற்றியதோடு விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இன்ஜின் ஓடும்போது வண்டி வெளியில் நிற்கட்டும். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

கேள்வி: ஒரே பருவத்தில் இரண்டாம் முறையாக டிரைவ் பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட் தரமற்றதா?

பதில்: முன்புற கிளட்சிலிருந்து பின்புற கிளட்சுக்கு இன்ஜின் விசையைக் கடத்துவது இந்த பெல்ட்தான். அறுந்ததைத் தூக்கி எறியாதீர்கள்; காரணம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் உடுக்கையின் இடைபோலத் தேய்ந்து ஒடுங்கியிருந்தால், டிராக் (வண்டியின் அடியில் சுழன்று அதை முன்தள்ளும் அகன்ற ரப்பர் பட்டை) அசையாமல் நின்றபோது முன்புற கிளட்ச் சுழன்று பெல்ட்டை அரைத்திருக்கிறது. இரவில் டிராக் தரைப்பனியோடு உறைந்து ஒட்டிக்கொள்ள, காலையில் அதை விடுவிக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்துவதால்தான் பெரும்பாலும் இவ்வாறு நேர்கிறது. கிளம்புமுன் வண்டியின் பின்புறத்தைச் சற்றுத் தூக்கி, டிராக்கை அசைத்து விடுவித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் பக்கங்கள் முழுவதும் பளபளப்பாக இருந்தால் அது வழுக்கியிருக்கிறது. கிளட்ச் தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் இரண்டு கிளட்சுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அதை அளந்து சரிசெய்யத் தனிக் கருவி வேண்டும் என்பதால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே பெல்ட் மூடியைத் திறக்க வேண்டும். பழைய பெல்ட்டின் நார்கள் கிளட்சுக்குள் ஒன்றுகூட மிஞ்சாமல் எடுத்துவிடுங்கள். புதிய பெல்ட்டை முதல் சில பத்துக் கிலோமீட்டர்களுக்கு முழு வேகத்தில் ஓட்டாமல் மெல்லப் பழக்குங்கள்.

கேள்வி: உறைந்த ஏரியின் மீது ஓட்டும்போது மட்டும் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிகிறதே?

பதில்: திரவக் குளிர்ச்சி கொண்ட வண்டியில், டிராக் வாரி எறியும் பனித்தூள்தான் அதன் மேலேயுள்ள குளிர்விப்பான்களின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வழுக்குப் பனிக்கட்டியின் மீது அந்தத் தூள் கிடைப்பதில்லை. டிராக் உரசிச் செல்லும் பிளாஸ்டிக் பட்டைகளும் அதனாலேயே சூடேறித் தேய்கின்றன. பனிக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கும் கம்பிகளைப் பொருத்திக்கொள்ளலாம். அவை இல்லாதபோது விளக்கு எரிந்தால், அருகிலுள்ள மென்பனிக்கு வண்டியைத் திருப்புங்கள். அப்படி ஓரிடம் கண்ணில் படாவிட்டால் இன்ஜினை அணைத்து முழுவதும் ஆறவிடுங்கள்.