கபடிப் பிள்ளைகள் கையில் ரக்பி பந்து

பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளைகளுக்கு ரக்பி பழக்கும் அண்ணாச்சியிடம் வந்த கேள்விகளும் அவருடைய பதில்களும்.

அண்ணாச்சி, ரக்பி பிரீமியர் லீக்கே வந்தாச்சு. இனி ஆட்டம் தானாக வளராதா? (மேலப்பாளையம்)

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் லீக்கில் கோப்பை சென்னை புல்ஸுக்கு. சந்தோஷம்தான். ஆனால் லீக்குக்கு வெளிநாட்டு ஆட்களைக் காசு கொடுத்து இறக்கலாம். பத்து வருஷம் கழித்து ஆட வேண்டியவனை எங்கிருந்து இறக்குவது? ஃபிஜியைப் பாருங்கள். மொத்த ஜனமே பத்து லட்சம் தேறாது. பிரிக்காத நம்ம நெல்லை மாவட்டத்தில் 2011லேயே 30 லட்சம் பேர். அந்தக் குட்டி நாடு 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் அடுத்து டோக்கியோவிலும் ஆண்கள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) தங்கத்தைத் தூக்கியது. அங்கே ஊருக்கு ஊர் பிள்ளைகள் பந்தோடுதான் திரிகிறார்கள். பணம் மட்டும் போதுமென்றால் இங்கிலாந்தில் வாஸ்ப்ஸ், வூஸ்டர் என்ற பெரிய ரக்பி கிளப்புகள் 2022ல் கடனில் மூழ்கியிருக்காது.

எங்க பள்ளிக்கூடத்தில் நல்ல கபடிப் பையன்கள் இருக்கிறார்கள். மாற்றிவிடலாமா? (உடற்கல்வி ஆசிரியர், மானூர்)

மாற்ற வேண்டாம் சார், இரண்டையும் ஆடட்டும். ஆளைக் கண்டு பயப்படாத மனசு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. திருத்த வேண்டியது தலையை. கபடியில் காலைப் பிடிக்கப் பாய்கிற வேகத்தில் தலை எதிராளியின் முழங்காலுக்கு முன்னால் போய்விடும். ரக்பியில் தோள் இடுப்பில் பட வேண்டும், தலை அவன் முதுகுப் பக்கம் ஒதுங்க வேண்டும், இரண்டு கையும் சுற்றிக் கட்ட வேண்டும். முதலில் முழங்காலிட்டே பழக்குங்கள். நம்ம செம்மண் கிரவுண்டு கோடையில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். நீளம் தாண்டும் மணல்குழியைக் கிளறிவிட்டு அதில் செய்யுங்கள். அப்புறம் பாஸ். பந்தை முன்னால் எறியக்கூடாது என்பது பதிய நாளாகும், கத்தாதீர்கள்.

அடிபடாதா தம்பி? என் மகனுக்கு ஒன்பது வயசு. (ஒரு அம்மா, சேரன்மகாதேவி)

இந்த வயசுக்கு டேக் ரக்பி போதும்க்கா. இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினால் பிடித்ததாகக் கணக்கு, மோதலே கிடையாது. பெரியவனான பிறகு, தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, டாக்டரிடம் போக வேண்டும். “ஒண்ணுமில்ல, இறங்குடா” என்கிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

சின்ன ஊரிலிருந்து பெரிய ஆட்டக்காரர் வருவாரா? (வள்ளியூர்)

கோவில்பட்டிக்குப் போய் ஹாக்கியைப் பற்றிக் கேளுங்கள். தீப்பெட்டி ஊர், இந்திய அணி வரை ஆள் அனுப்பியிருக்கிறது. வருஷா வருஷம் டோர்னமென்ட், சாயங்காலமானால் கிரவுண்டில் பிள்ளைகள். ரக்பிக்கு அதுதான் நம்மிடம் இல்லை.

பந்து?

ஒரு பள்ளிக்கு நாலு பந்து போதும். நாடாவுக்குப் பழைய சேலைக் கரையைக் கிழித்துச் செருகிக்கொள்ளலாம்.