சிறிய தொண்டு அமைப்புகளுக்கு சமூக ஊடகத் திட்டம்: கேட்டவையும் பதில்களும்

தொண்டு அமைப்பு நடத்துபவர்களும், சேவை நோக்கத்தோடு சிறு தொழில் செய்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நாங்கள் மொத்தமே மூன்று பேர். தினமும் பதிவு போட்டால்தான் அல்காரிதம் நம்மைக் காட்டும் என்கிறார்களே?

தினமும் வேண்டாம். மூன்று பேர் இருக்கும் இடத்தில் தினமும் போட ஆரம்பித்தால் முதல் மாதம் உற்சாகமாக ஓடும், அடுத்த மாதம் மூச்சு வாங்கும், அப்புறம் பக்கத்தைத் திறக்கவே யாருக்கும் மனசு வராது. நன்கொடை தரலாமா என்று யோசிக்கும் ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார், கடைசிப் பதிவு எட்டு மாதம் பழையது. இவர்கள் இன்னும் இயங்குகிறார்களா என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். வாரம் இரண்டு பதிவு, உங்கள் ஆட்கள் உண்மையிலேயே இருக்கும் ஒரே ஒரு தளம், அதை ஒரு வருடம் விடாமல் செய்யுங்கள்.

அண்ணா, மாதத் தொடக்கத்தில் அழகாக அட்டவணை போடுகிறோம். ஆனால் அந்தந்த நாள் வரும்போது போட எதுவும் இருப்பதில்லை. எங்கே தப்பு?

அட்டவணையிலேயேதான். "செவ்வாய்: ஊக்கப் பதிவு, வெள்ளி: எங்கள் கதை" என்று கட்டம் போட்டுவிட்டு, அந்தக் கதை எங்கிருந்து வரும் என்று யாரும் யோசிப்பதில்லை. பதிவு போடும் நாளை மட்டும் குறித்தால் போதாது, வேலை நடக்கும் இடத்திலிருந்து விஷயத்தைச் சேகரிப்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதுவது பெரும்பாலும் யாருக்கும் ஒட்டாத பொதுப் பேச்சாகத்தான் முடியும்.

உதாரணத்துக்கு, பார்வையற்றோருக்கு ஒலிநூல் பதிவு செய்யும் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். வாசிக்கிற தன்னார்வலர் தன் புத்தகத்தில், மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருப்பார். அந்தப் பக்கத்தின் ஓரத்தை மட்டும் ஒரு படம் எடுங்கள். கூட மூன்று வரி எழுதினால் அது ஒரு பதிவு. அந்தப் பத்தியை அவர் வாசிக்கும் இருபது விநாடி ஒலி இன்னொன்று. அடுத்த மாதம் வாசிப்பவர்கள் தேவை என்று கேட்கும்போது, அந்த வேலை எப்படியிருக்கும் என்று காட்ட அதே படம் உதவும்.

இதற்கென்றே தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் இருப்பவர் படத்தைப் போட்டு, யார், எங்கே, என்றைக்கு, அனுமதி வாங்கியாயிற்றா என்று ஒரே வரியில் எழுதினால் போதும். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் உட்கார்ந்து நல்லதைப் பொறுக்கி எழுதி, பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க உதவும் மெட்டா பிசினஸ் சூட் என்ற கருவியில் போட்டு வைத்துவிடலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் அது இலவசம்.

உலக நாட்கள் எல்லாவற்றுக்கும் போஸ்டர் போட வேண்டுமா?

வேண்டாம். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், அக்டோபர் 10 மனநல நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். உங்கள் வேலையைத் தொடுகிற இரண்டு மூன்று நாட்களை மட்டும் எடுத்து, ஒரு மாதம் முன்பே தயாராகுங்கள். லோகோ போட்ட வாழ்த்துப் படத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஒரு வீடியோ வைரல் ஆனால் வருடச் செலவே தீர்ந்துவிடுமே, அதற்குத் திட்டமிட முடியாதா?

2014-இல் ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீடியோ போடும் ஐஸ் பக்கெட் சேலஞ்ச் மூலம், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக வேலை செய்யும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் அசோசியேஷனுக்குச் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது உண்மை. ஆனால் அது அந்த அமைப்பு போட்ட திட்டம் அல்ல, நோயாளிகளும் அவர்களின் நண்பர்களும் பரப்பியது. அப்படி வந்தால் சந்தோஷம். அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

அழுகிற முகத்தைப் போட்டால்தான் பணம் வருகிறது. எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது, என்ன செய்வது?

அந்தச் சங்கடம் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். புள்ளிவிவரத்தைவிட ஒரு தனி மனிதரின் கதைக்கு மக்கள் அதிகம் தருகிறார்கள் என்பதை டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் அவர் உடைந்துபோன நொடியைத்தான் காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் என்ன முடிவெடுத்தார், என்ன செய்கிறார், இப்போது எது தடையாக இருக்கிறது என்று எழுதுங்கள்.

உதவி வாங்குகிற இடத்தில் நிற்பவரால் "படம் வேண்டாம்" என்று எளிதில் சொல்ல முடியாது. அதனால் உதவியைக் கொடுத்து முடித்து, வேறொரு நாள், பதிவை அப்படியே காட்டி அனுமதி கேளுங்கள். மறுத்தாலும் உதவி நிற்காது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடுங்கள். குழந்தை என்றால், பெற்றோர் சரி என்றாலும், பெரியவனான பிறகு தன் பெயரைத் தேடி இதைப் பார்த்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முகம் இல்லாமலே கைகளையும் குரலையும் வைத்து எத்தனையோ சொல்லலாம்.

ஹேஷ்டேக் எத்தனை?

மூன்று நான்கு போதும். இன்னும் ஹேஷ்டேக் தேடும் நேரத்தில் வீடியோவுக்கு சப்டைட்டில் போடுங்கள், படத்தில் என்ன இருக்கிறது என்று பார்வையற்றோருக்குச் சொல்லும் மாற்று உரை எழுதுங்கள். எல்லோருக்குமான வேலை செய்கிறோம் என்று சொல்லும் நமக்கு அது கடமை.

லைக் குறைகிறது. எதைப் பார்த்து நன்றாகப் போகிறது என்று தெரிந்துகொள்வது?

வந்த மெசேஜ்கள், பகிர்வுகள், தன்னார்வலர் படிவத்தில் வந்த பெயர்கள். படிவத்திலும் பில்லிலும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள், அதில் வரும் பதில்கள் தளம் காட்டும் எண்களைவிட உதவும். அப்புறம் நன்கொடையாளர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் என்றால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், ஆகவே முதல் நன்றிச் செய்தியிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிக் கேளுங்கள்.