நாற்பது பேர் போனோம், அடுத்த மாதம் ஏழு பேர்

அன்புள்ள ஐயா,

தொண்டிப் பக்கம் எங்கள் ஊர். மானாவாரி நெல். போன வருடம் பயிர் கருகியும் காப்பீட்டுப் பணம் வரவில்லை. குறைதீர்க்கும் நாளுக்கு வேன் பிடித்து நாற்பது பேர் போனோம். அடுத்த மாதம் ஏழு பேர்தான் வந்தார்கள். தஞ்சாவூர் மாதிரி ஒரு விவசாயிகள் சங்கம் நம் கடற்கரையில் ஏன் நிற்பதில்லை?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த ஏழு பேர் யார் யார் என்று எழுதி வைத்தீர்களா?

தஞ்சாவூரை நாம் கொடி ஏறிய பிறகுதான் பார்க்கிறோம். அங்கே தென்பரைக் கிராமத்தில் சங்கம் தொடங்கியது 1943-இல். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். நடுவில் ஒன்பது வருடம். கன்னடத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் சேரி சேரியாகப் போய் உட்கார்ந்து பேசிய காலம் அது. அங்கே ஒரு வசதியும் இருந்தது (வசதி என்று சொல்லவே கூசுகிறது). சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகக் கொடுத்த பண்ணைக்காரன் கண்ணெதிரே இருந்தான். யாரை எதிர்ப்பது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் பக்கம் 1948 சட்டத்தோடு ஜமீன் போயிற்று. இப்போது பலருக்கும் கையளவு சொந்த நிலம். எதிராளி யார்? பொய்த்த மழையா, கண்மாயை அடைத்த சீமைக் கருவேலா, எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் மகசூல் கணக்கா? முகம் தெரியாத ஆளோடு சண்டை என்றால் கூட்டம் ஒரு நாள்தான் தாங்கும்.

சரி, அந்தக் கணக்கையே பிடியுங்கள். வறட்சி மாதிரி பரவலான இழப்பை வயல் வயலாகப் பார்ப்பதில்லை. நம் மாநிலத்தில் நெல்லுக்குப் பெரும்பாலும் வருவாய்க் கிராமம்தான் இழப்பைக் கணக்கிடும் அலகு. சில வயல்களில் அறுத்து எடை போடுகிறார்கள். அதை வைத்துக் காப்பீடு செய்த அத்தனை பேருக்கும் முடிவு. வந்தால் எல்லாருக்கும், வராவிட்டால் ஒருவருக்கும் இல்லை. சங்கத்துக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் எது? எந்த வயலில், என்றைக்கு அறுப்பு என்று முன்னாலேயே கேட்டு வைத்து, அன்று பத்துப் பேர் வரப்பில் நில்லுங்கள். எடையை நோட்டில் குறியுங்கள். வேன் வாடகையும் மிச்சம்.

கண்மாய் வரத்துக்காலை வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் என்று போன ஊர்கள்தானே நம்முடையவை, ஒன்றுசேரத் தெரியாதவர்கள் இல்லை நாம். ஆனால் அந்தப் பழைய கூட்டத்தில் யார் உட்காரலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. அதை அப்படியே தூக்கி வந்தால் சங்கம் பட்டாக்காரர்களோடு முடிந்துவிடும். குத்தகைக்கு உழுபவருக்குத் தன் பெயரில் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்குச் சான்று) வாங்குவதே பெரும்பாடு. முதல் மனு அதற்காக இருக்கட்டும்.

அப்புறம், அந்த ஏழு பேரில் குத்தகைக்காரர் எத்தனை, பெண்கள் எத்தனை? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.