பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் வீட்டு வெளிச்சமும்

கேள்வி: கிழக்கு லண்டனில் வரிசை வீடொன்றின் நடுவில் 2001ஆம் ஆண்டிலிருந்து வசித்து வருகிறோம். பக்கத்து வீட்டார் பின்புறமாக 6 மீற்றர் நீளத்தில், எல்லையை ஒட்டி 3 மீற்றர் உயரமான சுவருடன், ஒரு தளக் குசினி கட்டப்போவதாகக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் சாப்பாட்டறைக்கு வெளிச்சம் தருவது பின்பக்கக் கண்ணாடிக் கதவு மட்டுமே. அதன் நடுப்பகுதி எல்லையிலிருந்து 1.2 மீற்றர் தள்ளியிருக்கிறது. எட்டு வருடங்களுக்கு முன்னர், அங்கிருந்த யன்னலைப் பெருப்பித்து அந்தக் கதவைப் போட்டோம். இருபது வருடங்களாக இருப்பவர்களின் வெளிச்சத்தை மறைக்கச் சட்டம் விடாது, கவுன்சிலே நிறுத்திவிடும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அயலவர்கள் நல்லவர்கள், அவர்களோடு பகைக்க எங்களுக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் உறவினர் சொன்னதில் இருபது வருடக் கணக்கு உண்மைதான். ஆனால் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். கவுன்சில் பார்க்கும் கட்டட அனுமதி வேறு, நீதிமன்றம் பார்க்கும் வெளிச்ச உரிமை வேறு. ஒன்று மற்றதைக் காப்பாற்றாது.

முதலில் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். இங்கிலாந்தில் வரிசை வீட்டுக்காரர் ஒருவர், வீடு முதலில் கட்டப்பட்டபோது இருந்த பின்சுவரிலிருந்து 3 மீற்றர் வரை, உயரம் முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கவுன்சிலிடம் விண்ணப்பிக்காமலே ஒரு தளம் கட்டலாம். அதற்கு மேல் 6 மீற்றர் வரை கட்ட விரும்பினால் கவுன்சிலுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கவுன்சில் எல்லையைப் பகிரும் அயலவர்களுக்கு எழுதி, குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் இந்தக் கடிதமே. எல்லையைப் பகிரும் அயலவர் எவரும் அந்த அவகாசத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அந்தக் கட்டடம் அயலவரை எப்படிப் பாதிக்கும் என்பதைக் கவுன்சில் ஆராய்வதே இல்லை. உங்கள் மௌனம் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படும். கவுன்சில் 42 நாட்களுக்குள் முடிவை அறிவிக்காவிட்டாலும் அவர்கள் வேலையைத் தொடங்கலாம். எத்தனையோ பேர் இந்தக் கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்து ஒதுக்கிவிட்டு, செங்கல் வந்து இறங்கிய பிறகுதான் தேடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம்.

ஆட்சேபம் எழுதும்போது "வீடு இருண்டுவிடும்" என்று பொதுவாக எழுதாமல் அளவுகளை எழுதுங்கள். பல கவுன்சில்கள் 45 பாகை விதியைக் கையாள்கின்றன. இது சட்டமல்ல, வழிகாட்டல் மட்டுமே; ஆனால் அதிகாரிகள் முதலில் பார்ப்பது இதைத்தான். உங்கள் கதவின் நடுவிலிருந்து எல்லையை நோக்கி, நிலப்படத்தில் 45 பாகைச் சாய்வில் ஒரு கோடு கீறினால், அது 1.2 மீற்றர் தூரத்திலேயே எல்லையைத் தொட்டுவிடும். அதைத் தாண்டி நீளும் எந்தச் சுவரும் அந்தக் கோட்டை வெட்டும். எனவே நீளத்தைப் பொறுத்தவரை 6 மீற்றரும் சரி, 3 மீற்றரும் சரி, தேறாது. ஆனால் வெளிச்சம் குறிப்பிடத்தக்க அளவு குறையும் என்று வழிகாட்டல் கருதுவது, உயரத்திலும் இதே சோதனை தவறும்போதுதான். கண்ணாடிக் கதவென்றால் நிலத்திலிருந்து 1.6 மீற்றர் உயரத்தில் உள்ள புள்ளியை எடுப்பார்கள். 3 மீற்றர் சுவர் அந்தப் புள்ளியைவிட 1.4 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. உங்கள் புள்ளியோ சுவரிலிருந்து 1.2 மீற்றர் தள்ளித்தான் இருக்கிறது. 45 பாகைச் சாய்வில் அந்த உயரம் இந்தத் தூரத்தை மிஞ்சக் கூடாது. ஆகவே வெறும் 20 சென்ரிமீற்றரால் இந்தச் சோதனை தவறுகிறது. சுவர் 2.7 மீற்றராக இருந்தால் தேறிவிடும்.

இந்த 30 சென்ரிமீற்றர்தான் உங்கள் விஷயத்தின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். 6 மீற்றரை முற்றாக எதிர்த்து நீங்கள் வென்றாலும், அவர்கள் 3 மீற்றர் நீளத்துக்கு, அதே 3 மீற்றர் உயரத்தில், உங்களைக் கேட்காமலே கட்டிவிடலாம். அதுவும் கதவுக்கு அருகிலேயே நிற்கும். அதைவிட, நிலத்தின் மட்டம் இரு பக்கமும் ஒன்றா என்று அளந்துகொண்டு, வரைபடத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய், எல்லையோரச் சுவரை மட்டும் தாழ்த்த முடியுமா என்று கேளுங்கள். உள்ளே கூரையைச் சற்று உயர்த்தி, ஓரத்தில் சரித்துவிடுவது கட்டடக் கலைஞர்களுக்குப் பழகிய வேலை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவகாசம் முடிந்துவிடாதபடி ஆட்சேபத்தை அனுப்பிவிடுங்கள். திருத்திய வரைபடம் கவுன்சிலுக்குப் போனதும் ஆட்சேபத்தை மீளப் பெறலாம். இதை அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

இனி இருபது வருட விஷயம். 1832ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் யன்னல் வழியாக 20 வருடங்கள் தடையின்றி, எழுத்து மூலமான சம்மதத்தின் பேரில் அல்லாமல், வெளிச்சம் வந்திருந்தால் அந்த வெளிச்சத்துக்கு உரிமை உண்டாகிறது. அந்த உரிமை கட்டடத்துக்கு உரியது. முந்திய உரிமையாளரின் வருடங்களும் சேரும். ஆனால் உங்கள் கதவுக்கு எட்டு வயதுதான் ஆகிறது. பழைய யன்னல் இருந்த பரப்புக்கு மட்டுமே நீங்கள் உரிமை கோர முடியும் என்பதால், அந்த யன்னல் தெரியும் பழைய படங்களைத் தேடி எடுத்து வையுங்கள். முன்பு வந்த வெளிச்சம் முழுவதும் வேண்டும் என்று கேட்கவும் இயலாது. அந்த அறையைச் சாதாரணமாகப் பயன்படுத்தப் போதுமான வெளிச்சம் எஞ்சுகிறதா என்பதே கேள்வி என்று பிரபுக்கள் சபை 1904இல் தீர்த்திருக்கிறது. பின்தோட்டக் காட்சிக்கும் தோட்டத்து வெயிலுக்கும் இதில் இடமில்லை.

இந்த உரிமையைக் கவுன்சில் கருத்தில் கொள்ளாது. அனுமதி கிடைத்த பின்னரும் நீங்கள் வழக்குப் போடலாம். நீதிமன்றம் வேலையை நிறுத்தலாம், அல்லது நட்டஈடு மட்டும் வழங்கலாம். செலவு பெரியது. வீட்டுப் பத்திரத்தில் வெளிச்ச உரிமை உண்டாகாது என்ற வாசகம் இருக்கிறதா என்று சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு பார்ப்பதற்கு முன் எவரையும் வழக்கால் மிரட்ட வேண்டாம். பொதுச்சுவர்ச் சட்டத்தின் கீழ் உங்களுக்கு அறிவித்தல் வரக்கூடும். அது சுவரையும் அத்திவாரத்தையும் பற்றியது, வெளிச்சத் தகராறை அது தீர்க்காது.

கேள்வி: எங்கள் குசினிக்கு வரும் வெளிச்சத்தை மறைப்பது கட்டடமல்ல, அயலவரின் உயர்ந்த பசுமை வேலி. கவுன்சில் தலையிடுமா?

பதில்: தலையிடலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட, பெரும்பாலும் பசுமை மாறா மரங்கள் வரிசையாக 2 மீற்றருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தைத் தடுத்தால், 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்யலாம். தனி மரமும் இலையுதிர் மரமும் இதில் அடங்கா. முதலில் நீங்களே பேசிப் பார்த்ததற்குச் சான்று காட்ட வேண்டும். கவுன்சில் கட்டணமும் கேட்கும். வேலியை 2 மீற்றருக்குக் கீழே வெட்டச் சொல்லவோ அடியோடு அகற்றச் சொல்லவோ கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை.